சாய்ந்திருந்தவர்கள்

அந்த இரவு கூடாரத்துக்குள் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், என் மனைவி சனூஸா, மகள் மின்ஹா, சனூஸாவின் தம்பி நஸ்ரி. நால்வரையும் நான்கு அறைகளில் இருத்தித் தனித்தனியாக விசாரித்தாலும் இதே கதையைத்தான் சொல்வோம்.

என் பெயர் இன்ஷாப். கிண்ணியாவில் ஃபிரிட்ஜும் ஏசியும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்று தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்புகிற ஆள். இந்த ஒன்றுக்கு மட்டும் காரணம் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டாரில் வேலை செய்கிற நஸ்ரி டிசம்பரில் லீவில் வந்திருந்தான். அங்கே குளிர்காலத்தில் ஆட்கள் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். அந்தப் பழக்கத்தில் ஒரு பெரிய கூடாரம் வாங்கி வந்திருந்தான். பெட்டி எங்கள் ஹோலில் கிடந்தது. வெளியே மாரி மழை. மின்ஹாவுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் விடுமுறை. பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, எப்போது போவோம் என்று எல்லோரையும் அரித்துக்கொண்டிருந்தாள். மழை விடட்டும் என்றேன் நான். மழைக்குள் படுப்பதற்குத்தானே கூடாரம் என்றான் நஸ்ரி.

ஒரு சனிக்கிழமை காலையில் வெயில் எறித்தது. மூதூரில் எனக்குப் பழக்கமான ஸைனுலாப்தீன் நானாவிடம் அவருடைய வேனை வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். இலங்கைத்துறையைத் தாண்டி, கடலுக்கும் உள்ளே தேங்கிய களப்புத் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மணல்மேடு இருக்கிறது. நஸ்ரி சின்ன வயதில் கூட்டாளிகளோடு தூண்டில் போடப் போன இடம். பாதை முடிகிற இடத்தில் வேனை விட்டோம். கணுக்காலளவு தண்ணீர் ஓடிய ஓர் ஓடையைக் கடந்து, சாமான்களைத் தோளில் சுமந்துகொண்டு போனோம்.

வழியில் இரண்டு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னோம். தலையாட்டினார்கள். அவ்வளவுதான். இப்படியான கதைகளில் யாராவது ஒருவர் போகாதே என்று தடுப்பார். எங்களை யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பின்னேரம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தாழம்புதர் ஓரமாக, கொஞ்சம் உயர்ந்த இடத்தில் கூடாரத்தை அடித்தோம். தண்ணீர் வடிவதற்காக நஸ்ரி சுற்றிவரச் சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டினான். கடல் கலங்கி, மண்ணிறமாக அடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வள்ளம்கூட இல்லை. சனூஸா சின்னக் காஸ் அடுப்பில் தேநீர் போட்டாள். மின்ஹா சிப்பி பொறுக்கிப் பை நிறைத்தாள். மஃரிப் தொழுதோம். பாணும் டின்மீன் சம்பலும் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடிய மழை தொடங்கியது.

முதலில் மெல்லிய தூறல். பிறகு காற்றோடு சேர்ந்து அடிமழை. கூடாரத்துக்குள் நுழைந்து ஜிப்பை இழுத்துப் பூட்டினோம். நடுவில் ஒரு பெட்டரி விளக்கைத் தொங்கவிட்டோம். மழைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. மின்ஹாவுக்கு அதுவே சந்தோஷம். விளையாட்டுக்காகக் கத்திக் கத்திக் கதைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கூடாரத்தின் பின்பக்கச் சுவரைக் காட்டினாள்.

"வாப்பா, அங்க ஆரோ சாஞ்சிக்கிட்டு இரிக்காங்க."

பார்த்தேன். துணி ஓரிடத்தில் உள்ளே தள்ளியிருந்தது. ஒரு ஆள் நிலத்தில் குந்தியிருந்து முதுகைச் சாய்த்தால் எந்த உயரத்தில் தள்ளுமோ, அந்த உயரத்தில். மேலே அகலமாக, கீழே ஒடுங்கலாக... இரண்டு தோள்கள் மாதிரி.

தண்ணீர் தேங்கியிருக்கிறது என்றான் நஸ்ரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். எழுந்து போய் உள்ளேயிருந்து கையால் தள்ளினேன். தேங்கிய தண்ணீரைத் தள்ளினால் அது வழிந்து ஓடும். இது ஓடவில்லை. கொஞ்சம் விலகியது. பிறகு மெதுவாகத் திரும்ப வந்து என் உள்ளங்கையில் சாய்ந்தது.

சூடாக இருந்தது.

மழையில் நனைந்த துணி அது. வெளியே காற்று குளிராக அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் காய்ச்சல்காரனின் முதுகைப் போலச் சூடாக இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். தண்ணீர்தான் என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை.

நான் வந்து உட்கார்ந்தபோது இடதுபக்கச் சுவரில் இன்னொன்று இருந்தது.

நஸ்ரி டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கயிறுகளை இறுக்கிவிட்டு வருகிறேன் என்றான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பூட்டினான். வாசலோரம் இருந்த தன் பாயைச் சுருட்டிக்கொண்டு நடுவில் வந்து குந்தினான். வெளியே யார் என்று சனூஸா கேட்டாள். ஒருவருமில்லை என்றான்.

அவன் கண்டதை எங்களுக்கு மறுநாள் காலையில்தான் சொன்னான். நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியே உண்மையாகவே ஒருவரும் இல்லை. ஆனால் டோர்ச் வெளிச்சத்தில் மழையைப் பார்த்திருக்கிறான். மற்ற இடமெல்லாம் மழை நிலத்தில் விழுந்தது. கூடாரத்தைச் சுற்றி மட்டும் நிலத்தில் விழவில்லை. நிலத்துக்கு மேலே, இடுப்பளவு உயரத்தில், வெறும் காற்றில் பட்டுத் தெறித்தது. குந்தியிருக்கிறவர்களின் தலையிலும் தோளிலும் பட்டுத் தெறிப்பது போல... சுற்றிவர... வரிசையாக.

அவன் சொல்லாவிட்டாலும் நான் முடிவெடுத்துவிட்டேன். போய்விடலாம் என்றேன். சனூஸா மின்ஹாவுக்கு மேல்சட்டை போட்டுவிடத் தொடங்கினாள். அப்போதுதான் மழைக்கு மேலால் அந்த இரைச்சல் கேட்டது. ஓடை. பின்னேரம் கணுக்காலை நனைத்த ஓடை. களப்புத் தண்ணீர் பெருகி அதனூடாகக் கடலுக்கு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், இறங்கிப் பார்க்கத் தேவையில்லை. வேன் அந்தப் பக்கம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம்.

போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. ஸைனுலாப்தீன் நானாவுக்கு எடுத்தேன். பலமுறை அறுந்தது. ஒருமுறை பிடித்தது. அந்த அழைப்பு இன்னும் என் போனில் பதிந்திருக்கிறது, இரவு பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஓடை உடைத்துவிட்டது, வரமுடியாமல் நிற்கிறோம் என்று கத்திச் சொன்னேன். இந்த இருட்டில் யாரும் வள்ளம் இறக்கமாட்டார்கள், விடியும்வரை அசையாமல் இருங்கள், விடிய நான் ஆட்களோடு வருகிறேன் என்றார். பிறகு கேட்டார்:

"என்ன இன்ஷாப், ஒரே சனச் சத்தமாக் கெடக்கு? எத்தின பேர் போயிருக்கீங்க?"

நாங்கள் நால்வரும் அப்போது மூச்சுக்கூட விடாமல் இருந்தோம்.

பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது.

அதன் பிறகு எங்களுக்கும் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒரு இருமல், வயதான ஆளின் இருமல். பிறகு ஒரு கைக்குழந்தையின் சிணுங்கல். யாரோ அதை முதுகில் தட்டித் தட்டி ஆற்றுகிற சத்தம். நனைந்த சாக்கின் வாசம் உள்ளே வந்தது. யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. எல்லோரும் குசுகுசுத்தார்கள். சத்தம் போடக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்தது போல.

சுவர்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தன. ஒரு பெரிய முதுகு. பக்கத்தில் ஒரு சின்ன முதுகு. அதற்குப் பக்கத்தில் ஒரு தலை மட்டும்... நித்திரையில் சரிந்த தலை போல. நாலு பக்கமும். ஆறு பேர் தாராளமாகப் படுக்கக்கூடிய கூடாரம் அது. நாங்கள் நடுவில் முழங்காலோடு முழங்கால் முட்ட ஒடுங்கிவிட்டோம்.

சனூஸா ஆயத்துல் குர்ஸி ஓதினாள். முதலில் உதட்டுக்குள். பிறகு சத்தமாக.

வெளியே குசுகுசுப்பு நின்றது. குழந்தையின் சிணுங்கலும் நின்றது. அவள் ஓதுவதை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு நன்றாக விளங்கியது. போய்விடுவார்கள் என்று காத்திருந்தேன். போகவில்லை. ஓதி முடித்து அவள் மூச்சு வாங்கினாள். அப்போது அவளுக்கு நேர் பின்னால், துணிக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மிகவும் தணிவாக. பணிவாக.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ தங்கச்சி. பிள்ளை நனையுது."

சனூஸா தள்ளி இருந்தாள்.

யோசித்துச் செய்யவில்லை. பஸ்ஸில் பிள்ளையோடு ஏறுகிற ஒருத்தி கேட்டால் தள்ளி இருப்போமே, அப்படி. தள்ளி இருந்த பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் விட்ட இடத்துக்குள் சுவர் வந்தது. அந்தத் துணியில் ஒரு சின்னத் தோளின் வடிவம் எழுந்தது.

என்னால் என்ன செய்திருக்க முடியும்? இந்தக் கேள்வியை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே போக முடியாது. யாரையும் கூப்பிட முடியாது. அவர்கள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. சும்மா இருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். எதற்கோ காத்திருந்தார்கள். அடித்தாலாவது திருப்பி அடிக்கலாம்.

விளக்கு மங்கியது. நஸ்ரி அதை அணைத்துவிட்டான். காற்றில் கூடாரத்தின் கம்பி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அது முறிந்தால் துணி எங்கள் மேல் விழும். துணியோடு அவர்களும்... நான் இடது கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மின்ஹா என் வலது பக்கம் மடங்கிப் படுத்திருந்தாள். அவளுடைய தலைமயிர் என் முழங்கையில் பட்டது. அது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

எப்படியோ நித்திரையாகிவிட்டேன்.

விழித்தபோது மழை இல்லை.

காற்றும் இல்லை.

எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. ஓடை இரையவில்லை. கடல் அடிக்கவில்லை. உலகத்தையே யாரோ நிற்பாட்டி வைத்தது போல இருந்தது.

எழும்பப் பார்த்தேன்.

முடியவில்லை. கால் அசையவில்லை. கழுத்து திரும்பவில்லை. வாய் திறக்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. இடது கை கம்பியிலேயே விறைத்துப்போயிருந்தது.

அப்போது அந்தச் சத்தம்.

டொக்... டொக்...

மரத்தில் மரம் படுகிற சத்தம். வள்ளத்தின் விளிம்பில் துடுப்பு படுகிற சத்தம். கடலில் இருந்து வந்தது. எஞ்சின் இல்லை. வெளிச்சம் இல்லை.

பிறகு ஒரு ஆணின் குரல்.

"ஏறுங்கோ... கெதியா ஏறுங்கோ."

கூடாரத்தின் சுவர்கள் அசைந்தன. பின்பக்கத்துப் பெரிய முதுகு எழும்பியது. துணி நிமிர்ந்தது. அடுத்தது எழும்பியது. அதற்கடுத்தது. நனைந்த மணலில் பாதங்கள். அவசரம். தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம். கைக்குழந்தை ஒருமுறை வீரிட்டது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"ஏறுங்கோ..."

அந்தக் குரலில் ஏதோ பிழை இருந்தது. அவசரப்படுத்துகிற குரல் இல்லை அது. ஆடு மாடுகளை எண்ணி உள்ளே விடுகிறவனின் குரல் போல இருந்தது.

கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பினேன். ஜிப்பின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவு திறந்திருந்தது இருட்டிலும் வெளிறித் தெரிந்தது. நஸ்ரி அதை முழுதாகப் பூட்டியதை நான் கண்ணால் கண்டிருந்தேன்.

அந்த இடைவெளிக்குள் ஒரு சின்னக் கால்.

என் வலது பக்கத்தை உணர்ந்து பார்த்தேன். முழங்கையில் தலைமயிர் இல்லை. பக்கத்தில் மின்ஹா இல்லை.

அவள் அவர்களோடு எழும்பிப் போகிறாள் என்று நினைத்தேன். உடம்பு முழுவதும் வெளியே போய்விட்டது, கடைசிக் கால் மட்டும் உள்ளே இருக்கிறது என்று நினைத்தேன்.

என் வலது கை எப்படி அசைந்தது என்று தெரியாது.

அந்தக் கணுக்காலைப் பிடித்தேன்.

ஈரமாக இருந்தது. மணல் ஒட்டியிருந்தது. விரலுக்குக் கீழே நரம்பு துடித்தது. உயிருள்ள பிள்ளையின் கால் அது. இழுத்தது. நான் விடவில்லை. உதறியது. விடவில்லை.

வெளியே அந்தப் பிள்ளை அழுதது.

"அம்மா... அம்மா..."

என் மகள் தாயை உம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அது எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் தெரிந்தது.

ஆனாலும் கை விடவில்லை.

தண்ணீரில் இருந்து அந்தப் பெண்ணின் குரல் கூப்பிட்டது. வா, வா என்று. கொஞ்சம் தூரத்தில். பிறகு இன்னும் தூரத்தில். கால் என் கைக்குள் வெட்டி வெட்டித் துடித்தது.

டொக்... டொக்...

துடுப்புச் சத்தம் விலகியது.

டொக்...

முடிந்தது.

என் விரல்கள் ஒன்றோடொன்று முட்டின. கைக்குள் ஒன்றுமில்லை.

அப்போது இருட்டில், எனக்கு இடது பக்கமிருந்து, சனூஸா படுத்திருந்த இடத்துக்கும் அப்பாலிருந்து, மின்ஹாவின் குரல் கேட்டது. அவள் அழவில்லை. நித்திரைக் குரலும் இல்லை. வெகுநேரமாக விழித்திருந்தவளின் குரல்.

"வாப்பா, ஆர்ட கால வாப்பா புடிச்சிக்கிட்டு இரிக்கீங்க?"

எனக்குக் குரல் திரும்பியது. கத்தினேன். நஸ்ரி துள்ளி எழுந்து விளக்கைப் போட்டான். நான் நித்திரையான பிறகு சனூஸா மகளைத் தன் மறுபக்கம் மாற்றிப் படுக்க வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. கூடாரத்தின் ஜிப் கீழ்வரை பூட்டியிருந்தது. என் வலது கையை விளக்கடியில் விரித்துப் பார்த்தோம். உள்ளங்கை நனைந்திருந்தது. விரல் இடுக்குகளில் மணல் இருந்தது.

விடியும்வரை யாரும் படுக்கவில்லை. மின்ஹாவிடம் என்ன கண்டாய் என்று சனூஸா கேட்டாள். வாப்பா ஒரு காலைப் பிடித்திருந்தார், அதற்கு மேலே இருட்டு என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. பிறகும் அதற்கு மேல் ஒருநாளும் சொன்னதில்லை.

வெளிச்சம் வந்ததும் ஜிப்பைத் திறந்தோம். மணல்மேடு முழுவதும் நனைந்து கறுத்துக் கிடந்தது. கூடாரத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தன. கிட்டப்போய்ப் பார்த்தோம். அந்த இடங்களில் மணல் காய்ந்திருந்தது. ஆட்கள் இரவு முழுவதும் குந்தியிருந்து, மழை படாமல் மறைத்த இடங்கள். சில அகலமானவை. சில மிகவும் சின்னவை. கூடாரத்தோடு ஒட்டி ஒட்டி, ஒரு சுற்று. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

ஸைனுலாப்தீன் நானா சொன்னபடி வந்தார். இலங்கைத்துறை ஆள் ஒருவர் வள்ளத்தில் எங்களை ஓடைக்கு அந்தப்பக்கம் கொண்டுவந்து விட்டார். புறப்படுமுன் அந்த வள்ளக்காரர் கூடாரத்தைக் கழற்ற உதவி செய்தபோது அந்த வெள்ளைத் திட்டுகளைக் கண்டார். அவற்றில் மிதித்துவிடாமல் சுற்றி நடந்தார். அதை நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்தோம். சனூஸாவுக்கு மூன்று நாட்கள் காய்ச்சல். நஸ்ரி கூடாரத்தை யாருக்கோ கொடுத்துவிட்டு லீவு முடிவதற்கு முன்னரே கட்டாருக்குப் போய்விட்டான். நான் கடையைத் திறந்தேன். பயந்திருந்தோம், கெட்ட கனவு கண்டோம், ஆளுக்காள் பயத்தைப் பெருக்கிக்கொண்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்பவும் தொடங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் ஆவணி மாதம், இலங்கைத்துறையில் மீன் வாங்குகிற இடம் ஒன்றில் பெரிய ஃபிரீசர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். நல்ல வெயில் பகல். மீன் நிறுக்கிற பெண் ஒருவர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். சீதேவி என்று பெயர். நாற்பதைத் தாண்டியிருக்கும். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். எங்கே ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கதை போனது. அந்த மணல்மேட்டில் போன மாரியில் ஒரு இரவு தங்கினோம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் பெட்டியைக் கிட்ட நகர்த்திக்கொண்டார்.

"நானும் அங்க ஒரு ராவு இருந்தனான் நானா," என்றார். "பிரச்சினைக் காலத்தில. எனக்கு அப்ப எட்டு வயசு."

சண்டை மூண்டபோது அவர்களுடைய ஊரில் இருந்து ஐந்தாறு குடும்பங்கள் இருட்டோடு ஓடி வந்து அந்த மேட்டில் இருந்திருக்கிறார்கள். வள்ளம் வரும், ஏறி அக்கரைக்குப் போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மழை கொட்டியது. தலையில் போடச் சாக்கைத் தவிர ஒன்றும் இல்லை. சத்தம் போடக்கூடாது என்று பிள்ளைகளை அடக்கி வைத்திருந்தார்கள்.

நான் ஸ்குரூ ஆணி கழற்றுவதை நிறுத்தியிருந்தேன்.

"அங்க நடுவில என்னவோ ஒண்டு இருந்தது," என்றார். "இருட்டில ஒண்டும் தெரியேல்ல. சாஞ்சாத் துணி மாதிரி. சூடா இருந்தது. எல்லாரும் அதில சாஞ்சு இருந்தம். உள்ளுக்க ஒரு பொம்பிளை ஓதுற சத்தம் கேட்டது. பேய் எண்டு பெரியாக்கள் பயந்தவங்க. ஆனா மழைக்கு வேற எங்க போற? அம்மாதான் துணிஞ்சு கேட்டவ, கொஞ்சம் தள்ளி இருங்கோ எண்டு. அது தள்ளினது."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

வள்ளம் வந்தது என்றார். எல்லோரும் ஏறினார்கள். அவருடைய தாய், தகப்பன், பெரியப்பா, அயலவர்கள், எல்லோரும். அந்த வள்ளம் எந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. பிறகு விசாரித்துப் பார்த்ததில், அந்த இரவு இந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் எவரும் வள்ளம் இறக்கவில்லை என்று தெரிந்ததாம். கூப்பிட்டவன் யார், ஓட்டி வந்தவன் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவர் மட்டும் ஏறவில்லை.

"ஏற விடேல்ல," என்றார். பாவாடைக் கரையைச் சற்று உயர்த்தி வலது கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். "துணிக்கு உள்ளுக்கிருந்து ஒரு கை வந்து இதில பிடிச்சது. ஆம்பிளைக் கை. நான் கத்தினன், கடிக்கப் பாத்தன், எட்டேல்ல. வள்ளம் போகுமட்டும் விடேல்ல. விரல் பதிஞ்ச அடையாளம் ஒரு கிழமையாக் கிடந்தது."

நான் என் வலது கையை மடியில் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியாது. அது பேய் இல்லை, நான்தான் என்று சொல்ல வாய் வந்தது. எப்படிச் சொல்வது? அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது நான் கிண்ணியாவில் அதைவிடச் சின்னப் பிள்ளையாக உம்மாவின் மடியில் இருந்திருப்பேன்.

உங்களைக் காப்பாற்றிய கைதானே என்று மட்டும் கேட்டேன்.

அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அழுகையும் இல்லை. நெடுங்காலமாகத் தனக்குள் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"தம்பியும் இருந்தவன் நானா. அஞ்சு வயசு. என்னோட ஒட்டித்தான் இருந்தவன். மற்றக் கையை நீட்டியிருந்தா அவனையும் பிடிச்சிருக்கலாம்தானே?"

நான் ஃபிரீசரைத் திருத்தி முடித்தேனா, எப்படி வீட்டுக்கு வந்தேன் என்பதெல்லாம் நினைவில்லை.

என் மற்றக் கை கூடாரத்தின் கம்பியைப் பிடித்திருந்தது. காற்று நின்று வெகுநேரமாகியிருந்தது. அதைப் பிடித்திருக்க ஒரு தேவையும் இருக்கவில்லை.